பத்தொன்பதாவது வரி

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. நகராட்சிக் கட்டடத்தின் மூன்று மாடிகளிலும் ‘புதன்கிழமை’ என்றால்தான் அவரைத் தெரியும். ஒவ்வொரு புதன்கிழமையும் காலை பத்தரைக்கு ஒவ்வொரு பிரிவுக்கும் போன் போட்டு, “மாற்றம் ஏதாவது உண்டா?” என்று கேட்பார். அதனால் வந்த பெயர். நேரிலேயே “வாங்க புதன்கிழமை” என்பார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் போய் உட்காருவார்.

நகராட்சியின் வாராந்திர அறிவிப்புத் தாளைத் தயாரிப்பதுதான் அவருடைய வேலை. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும், குப்பை வண்டி எந்த நாள், எந்தச் சாலையில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை நேரம் எத்தனை மணிக்கு என்று மொத்தம் முப்பத்தொரு வரிகள். போன வாரத் தாளை இடது பக்கம் வைத்துக்கொள்வார். பிரிவிலிருந்து “மாற்றமில்லை” என்று பதில் வந்தால் பழைய வரி அப்படியே வலது பக்கம் ஏறிவிடும். மாற்றம் இருந்தால் மட்டும் புதிதாகத் தட்டுவார். வியாழக்கிழமை நான்கு மணிக்குத் தாள் வெளியே போகும். அறிவிப்புப் பலகைகளில் ஒட்டுவார்கள், ஊரார் போன்களுக்கும் அனுப்புவார்கள். யாராவது படித்தார்களா என்று கேட்டால் அது வேறு விஷயம். ஆனால் பதினேழு வருடத்தில் ஒரு தவறு வந்ததில்லை என்பதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

அந்தத் தாளை வேதவாக்காக எடுத்துக்கொண்ட ஒரே ஆள் அவருடைய மனைவிதான். நகராட்சியின் சமூகக்கூடத்தில் மதிய வேளைகளில் பெண்களுக்கு இலவசத் தையல் வகுப்பு எடுப்பவர் அவர். மாணவிகள் இருபத்து நான்கு பேர். எல்லோருக்கும் அவர் ‘டீச்சரக்கா’. கூடம் பழைய கட்டடம், தலைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி. மழைக்காலம் முடிந்தும் கூரையின் நடுவில் ஒரு ஈரத் திட்டு காயாமல் இருந்தது. முதலில் தட்டு அளவுக்கு இருந்தது, பிறகு கட்டில் அளவுக்குப் பரவியது. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது டீச்சரக்கா சொன்னார்.

“ஏங்க, இன்னிக்குக் காரை உதிர்ந்து மெஷின் மேல விழுந்துச்சு. நல்லவேளை, அந்தப் பொண்ணு எழுந்து நூல் எடுக்கப் போயிருந்தா. வேற இடம் கேட்கட்டுமா?”

“கூரையும் தொட்டியும் ஆய்வு பண்ணியாச்சு. பத்தொன்பதாவது வரி, போன வாரம்கூட வந்திருக்கே. வெறும் பூச்சு உதிர்றதுக்கெல்லாம் பயப்படாதே.”

“நீங்க சொன்னா சரி” என்று அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார். மறுநாள் அந்த மெஷினை மட்டும் ஒரு முழம் தள்ளிப் போட்டு, சொட்டும் இடத்தில் ஒரு வாளியை வைத்தார். வகுப்பு நடந்தது.

அடுத்த புதன்கிழமை வழக்கம்போல வந்தது. பத்தொன்பதாவது வரிக்குக் கட்டட ஆய்வுப் பிரிவைக் கேட்க வேண்டும். அங்கே எப்போதும் ஒரு கரகரத்த குரல் எடுக்கும், ஒரு இருமல், “மாற்றமில்லை”, போன் வைக்கும் சத்தம். அந்தக் குரல்தான் ஆய்வாளர் என்று புதன்கிழமை நினைத்திருந்தார். அன்றைக்கு ஒரு பெண் குரல் எடுத்தது. “சார், நீங்கதானே அந்தப் பத்தரை மணி போன்? மாற்றமில்லை சார்.”

“ஆய்வாளர் இல்லையாம்மா?”

“எந்த ஆய்வாளர் சார்? அவர் ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம் நாலு மாசம் ஆச்சாம். அந்த சீட்டுக்கு இன்னும் ஆள் போடலை.”

“அப்போ இவ்வளவு நாளா போன் எடுத்தது?”

“பியூன் அண்ணா சார். அவரும் போன வெள்ளிக்கிழமை ரிட்டையர் ஆயிட்டாரு. போகும்போது எங்கிட்ட சொல்லிட்டுப் போனாரு: புதன்கிழமை பத்தரைக்கு ஒரு போன் வரும், மாற்றமில்லைன்னு சொல்லிட்டு வெச்சுடு, அவ்வளவுதான் வேலைன்னு. நான் சரியாத்தானே சார் சொன்னேன்?”

சரியாகத்தான் சொன்னாய் அம்மா என்று சொல்லிவிட்டு வைத்தார். அந்தப் பிள்ளைமேல் என்ன தப்பு? பியூனைத்தான் என்ன சொல்வது? யாரோ கேட்டார்கள், அவர் சொன்னார். பியூனின் இருமலை ஆய்வாளரின் சொல்லாக நம்பி நூற்றிருபது வாரம் ஊருக்கே அச்சடித்துக் கொடுத்தவர் இவர்தானே.

மாடி ஏறி, அந்தப் பிரிவுக்குத் தலைவரான பொறியாளரிடம் போனார். பொறியாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் பிரித்துக் காட்டினார். மூன்று மாதத்துக்கு ஒரு பக்கம், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. அத்தனையும் இவருடைய அறிவிப்புத் தாளிலிருந்து கத்தரித்த பத்தொன்பதாவது வரி. கீழே, ‘ஆய்வு நடந்ததற்கான சான்று இணைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதியிருந்தது.

“சார், நான் உங்க பிரிவைக் கேட்டுத்தானே போட்டேன்?”

“நாங்க உங்க தாளைப் பார்த்துத்தானே கோப்புல சேர்த்தோம்?” பொறியாளர் சிரித்தார். “கூடத்தை மூடணும்னா ஆய்வறிக்கை வேணும். அறிக்கைக்கு ஆய்வாளர் வேணும். அந்த இடம் ஒப்புதலுக்குப் போயிருக்கு. சனிக்கிழமை ஆணையரே அங்க வந்து தையல் சான்றிதழ் கொடுக்கப் போறாரு. இப்போ போய் இதைக் கிளறாதீங்க சார்.”

மதியம் அவர் சமூகக்கூடத்துக்குப் போனார். இத்தனை வருடத்தில் அந்தக் கூரையை அவர் அண்ணாந்து பார்த்தது அதுதான் முதல்முறை. ஈரத் திட்டின் நடுவே ஒரு விரிசல், அதன் ஓரங்களில் துருவின் நிறம். இரண்டு இடத்தில் உள்ளிருந்த கம்பி வெளியே தெரிந்தது. வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அதன் கீழே பெண்கள் ரவிக்கைத் துணியில் கைவளையம் வெட்டிக்கொண்டு, யாரோ மாமியாரைப் போலப் பேசிக் காட்ட, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கால் உள்ளே வைக்கவே கூசியது. மனைவியை வாசலுக்குக் கூப்பிட்டார்.

“ரெண்டு நாள் வகுப்பை நிறுத்தி வையேன்.”

“என்னங்க விளையாடறீங்களா? சனிக்கிழமை சான்றிதழ். அன்னிக்கு வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஆளுக்கு ஒரு மெஷின் கொடுப்பாங்க. இவங்க ஒரு வருஷமா அதுக்காகத்தான் உழைக்கிறாங்க. எதுக்கு நிறுத்தணும்? நீங்கதானே பயப்படாதேன்னீங்க?”

இந்த இடத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. பதினேழு வருடம் தன் பேச்சையும் தாளையும் ஒன்றாக நம்பியவளிடம், அந்தத் தாளில் ஒரு பியூனின் இருமலைத்தான் அச்சடித்தேன் என்று எப்படிச் சொல்வது? “நாளைத் தாளில் வரும், பாரு” என்றார்.

“தாளில் வந்தா அப்பவே பூட்டிடறேன். அதுக்கு மேல என்ன வேணும்?” என்று சொல்லி டீச்சரக்கா உள்ளே போனார்.

வியாழக்கிழமை அவர் முதல்முறையாக யாரும் கொடுக்காத ஒரு வரியை எழுதினார். ‘சமூகக்கூடம்: கூரை ஆய்வு நிலுவையில் உள்ளது. மறு அறிவிப்பு வரை மூடப்படுகிறது.’ இரண்டு வருடம் நாலு மாதம் என்று முதலில் எழுதி, பிறகு அழித்தார். நிலுவை என்ற சொல் எவ்வளவு வசதியானது! அதற்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவிடலாம், தன் வெட்கத்தைக்கூட. துணை ஆணையர் வழக்கம்போலப் படிக்காமலே சுருக்கொப்பம் போட்டார். நான்கு மணிக்குத் தாள் போயிற்று. ஐந்து மணிக்கு டீச்சரக்கா கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அன்று இரவு அவர் கணவர் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கூப்பிட்டு அனுப்பினார்கள். திட்டு விழும் என்று பயந்துகொண்டே போனார். துணை ஆணையர் நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

“நல்ல காரியம் பண்ணினீங்க. ஆய்வாளர் இடம் காலியா இருக்கிறது இப்போதான் ஆணையர் கவனத்துக்கு வந்துச்சு. புது ஆள் வர்ற வரைக்கும் கட்டட ஆய்வைக் கூடுதல் பொறுப்பா நீங்களே பாருங்க. உங்களுக்குத்தான் அக்கறை இருக்கு.”

அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பொறுப்பு தன்னிடம் வந்தால் இனி யாரைக் கெஞ்ச வேண்டும்? தானே ‘ஏற்றதல்ல’ என்று எழுதிவிடலாம். நான்கைந்து தாள்களை நீட்டினார்கள். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் படிக்காமல் ஒப்பம் போடுவதைப் பதினேழு வருடம் பார்த்துச் சிரித்தவர், தன் முறை வந்தபோது தேதியைக்கூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை நிதானமாக எழுந்தார். வீட்டில் மனைவி இல்லை. கடைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துப் போனை எடுத்தார். முதல் நாள் மாலை ஆறு மணிக்கு வந்த ஒரு குறுஞ்செய்தி அதில் இருந்தது. ‘திருத்தம். வரி 19. சமூகக்கூடத்தின் கூரையும் தண்ணீர்த் தொட்டியும் ஆய்வு செய்யப்பட்டன. பயன்பாட்டுக்கு ஏற்றவை. ஆய்வு செய்தவர்: கட்டட ஆய்வாளர் (கூடுதல் பொறுப்பு).’ அவசரமாகப் பையைக் கிளறி, நேற்று கையெழுத்துப் போட்ட தாள்களின் நகல்களை எடுத்தார். முதல் தாள் பொறுப்பு உத்தரவு. அதில் அவர் பொறுப்பேற்ற தேதி, இரண்டு வருடம் நாலு மாதத்துக்கு முந்தையது. இரண்டாவது தாள் ஆய்வறிக்கை. அடியில் அவருடைய கையெழுத்து, அழகாக, நிதானமாக. நூற்றிருபது வாரமும் அந்தக் கூரையைப் பார்த்துச் சரி என்று சொன்னது இப்போது சட்டப்படி அவர்தான்.

மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார்.

கூடத்தின் கதவுகள் விரியத் திறந்திருந்தன. நாற்காலிகள் வரிசையாகப் போட்டு, பெண்கள் நல்ல உடையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒருவர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத் திட்டு ஆணையர் கண்ணில் படக் கூடாதென்று கூரைக்குக் கீழே வெள்ளைத் துணியை விரித்து நான்கு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். வாளியை எடுத்துவிட்டார்கள். சொட்டும் சத்தம் இல்லை. துணி எல்லா இடத்திலும் விறைப்பாக இருக்க, நடுவில் மட்டும் கனத்துத் தொங்கியது.

டீச்சரக்கா அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வாசலுக்கு வந்தார். “என்னங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! நீங்களே ஆய்வு பண்ணியிருக்கீங்க. காலையில எழுந்து தாளைப் பார்த்ததும் உயிர் வந்துச்சு. உடனே எல்லாரையும் வரச் சொல்லிட்டேன்.”

“நான் பண்ணலை.”

“என்னது?”

“புதன்கிழமை வரைக்கும் நான் பார்க்கவே இல்ல. யாருமே பார்க்கலை. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. போன்ல பியூன் சொன்னதை எழுதினேன். நேத்து படிக்காம கையெழுத்துப் போட்டேன். உன்னை இந்தக் கூரைக்குக் கீழே உட்கார வெச்சது நான்தாம்மா. புதன்கிழமையே தெரியும். சொல்ல வெட்கமா இருந்துச்சு.” சொல்லும்போது அவர் அழுதுவிட்டார். ஊர் பார்க்கிறதே என்றும் நினைக்கவில்லை.

டீச்சரக்கா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திரும்பிக் கையைத் தட்டி, வகுப்பில் கூப்பிடும் அதே குரலில், “எல்லாரும் வெளிய வாங்க! பையெல்லாம் விட்டுட்டு வாங்க, சீக்கிரம்!” என்றார்.

டீச்சரக்கா சொன்னால் கேட்கும் பெண்கள். நாற்காலிகள் இழுபட எழுந்து வந்தார்கள். மேடையில் இருந்தவர் மைக்கில், “யாரும் பயப்பட வேண்டாம், கூடம் முறைப்படி ஆய்வு செய்யப்பட்டது. உட்காருங்க. கையெழுத்துப் போடாதவங்களுக்கு மெஷின் கிடையாது” என்றார். பாதி வழியில் வந்த சிலர் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள்.

வாசலில் நின்று டீச்சரக்கா விரல் விட்டு எண்ணினார். வெளியே பதினேழு பேர். உள்ளே, துணி தொங்கும் இடத்துக்கு நேர் கீழே, முன்வரிசையில் ஏழு பேர்.

“அதுங்க என் பிள்ளைங்க” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே நடந்தார்.

“நீ போகாதே, நான் போறேன்!”

“நீங்க சொன்னா வர மாட்டாங்க. உங்க கையெழுத்துதானே அவங்களை உட்கார வெச்சிருக்கு.”

அவர் மனைவியின் பின்னாலேயே உள்ளே போனார், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.