மதிய வெயிலில் பிந்திய மணிக்கூடுகள்

சனிக்கிழமைகளில் இப்போதும் எனக்கு விடிய முன்னமே முழிப்பு வந்துவிடுகிறது. எழும்பி என்ன செய்வதென்று தெரியாமல் குசினியில் கேத்திலோடு நிற்பேன். படிப்பு முடிந்துவிட்டது, வவுனியா பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டிய தேவையும் இல்லை. உடம்புக்கு அது இன்னும் விளங்கவில்லை.

ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் படிப்பிக்கிறேன். மகள் முன்பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம், கணினி வலையமைப்பில் முதுமாணிப் பட்டம் படிக்க விண்ணப்பித்தேன். வகுப்புகள் வார இறுதியில், வவுனியாவில். ஒரு பஸ்ஸில் மாங்குளம், அங்கே வேறு பஸ், பிறகு ஓமந்தையைத் தாண்டி வவுனியா. "நீர் போம், பிள்ளையை நான் பாக்கிறன்" என்று கணவர் சொன்னார். சொன்னபடியே பார்த்தார்.

முதல் நாள் விரிவுரையாளர் வந்ததும் கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. "ஒரு கொம்பியூட்டரிலயிருந்து இன்னொண்டுக்கு ஒரு செய்தி போகேக்க நடுவில என்னென்ன நடக்குது? தெரிஞ்சதை எழுதுங்கோ" என்றார். வருடக்கணக்காக நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற விசயம். கடகடவென்று எழுதி, பாதிப் பக்கத்திலேயே முடித்துவிட்டேன். பக்கத்துக் கதிரையில் முக்காடு போட்ட ஒருத்தி இன்னொரு தாள் கேட்டு வாங்கி, குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் கேட்டேன். "அவ்வளவும் என்ன எழுதினீங்கள்?"

"வழியில தொலையிறதுகளைப் பத்தி" என்றாள். "போய்ச் சேருறது சின்னக் கதை. தொலைஞ்சா என்ன செய்யிறது, தொலைஞ்சதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது, அதுதான் பெரிய கதை."

அன்றிலிருந்து அந்தக் கதிரையை நான் விடவில்லை.

அவளின் குடும்பம் முல்லைத்தீவு. அவள் பிறந்தது புத்தளத்தில், போர்க்காலத்தில் குடும்பம் இடம்பெயர்ந்து போன இடத்தில். "ஊர் எது எண்டு கேட்டா முல்லைத்தீவு எண்டு சொல்லத்தான் வாப்பா பழக்கினது. பாக்காத ஊரைச் சொல்லிச் சொல்லி வளந்தன்" என்பாள். அவள் வளர்ந்த பிறகுதான் குடும்பம் முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து, வாப்பா பழைய இடத்திலேயே கடை போட்டிருந்தார். அவள் வவுனியாவில் சாச்சி வீட்டில் தங்கி, ஒரு அலுவலகத்தில் வேலை செய்தாள். அவளுடைய பேச்சில் புத்தளமும் வன்னியும் மாறி மாறி வரும். கோபம் வந்தால் முழுக்கப் புத்தளம்.

நெறிமுறைகளின் மூல ஆவணங்களை நாங்கள் வாசிக்கத் தொடங்கியது அவளால்தான். இரண்டு இயந்திரங்கள் எப்படிக் கதைக்க வேண்டும் என்று வரிக்கு வரி எழுதி வைத்த நீண்ட ஆவணங்கள். வகுப்பில் எல்லாரும் சுருக்கக் குறிப்போடு நிற்க, அவள் மூலத்தைத்தான் வாசிப்பாள். அவற்றில் ஒரு ஒழுங்கு உண்டு. 'மஸ்ட்' என்றால் செய்தே ஆக வேண்டும், 'ஷுட்' என்றால் தக்க காரணம் இருந்தால் மட்டும் விடலாம், 'மே' என்றால் உங்கள் விருப்பம். அதை அவள் வீட்டுக் கதைக்கும் கொண்டு வந்துவிட்டாள்.

"ரீச்சர், நாளைக்கு வாறது மஸ்ட்டா, மேயா?"

"ஷுட். மகளுக்குக் காய்ச்சல் வந்தா வரமாட்டன்."

"காய்ச்சல் எண்டா அது தக்க காரணம்தான்."

வகுப்பு முடிந்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ரோல்ஸும் பிளேன்ரீயும் வைத்துக்கொண்டு இப்படிக் கதைத்துக்கொண்டிருப்போம். கடைக்காரர் எங்களைப் பார்த்து, "ரெண்டு பேரும் வக்கீலோ?" என்று ஒருநாள் கேட்டார்.

ஆய்வுக்கு விசயம் தேட வேண்டி வந்தபோது எங்கள் ஊர் யானைதான் முதலில் நினைவுக்கு வந்தது. காட்டோரம் மின்வேலி இருக்கிறது. யானை ஒரு மரத்தைத் தள்ளி வேலியை விழுத்திவிட்டு வயலுக்குள் இறங்கும். வேலி விழுந்தது ஊருக்குத் தெரியும்போது நெல் போய்விட்டிருக்கும். அந்தப் பக்கம் ரெலிபோனுக்குச் சிக்னலும் இல்லை. வேலி நெடுகச் சின்ன வானொலிப் பெட்டிகளைக் கட்டி, கம்பி அறுந்தால் ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குச் சொல்லி, அது அதற்கடுத்ததற்குச் சொல்லி, கடைசியில் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்துச் சைரன் அடிக்க வேண்டும். இதுதான் எங்கள் திட்டம். பெட்டிகளை நான் பார்ப்பதாகவும், அவை தமக்குள் கதைக்கிற நெறிமுறையை அவள் எழுதுவதாகவும் பிரித்துக்கொண்டோம். மேற்பார்வையாளர் தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டினால் சம்மதம் என்று அர்த்தம்.

பற்றரி நீடிக்க வேண்டுமென்றால் பெட்டிகள் பெரும்பாலும் தூங்க வேண்டும். எல்லாம் ஒரே நேரம் ஒரு கணம் விழித்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்கும். வவுனியாவில் மேசையில் வைத்துப் பார்த்தபோது ஒரு பிழையும் இல்லை. வயலில் கட்டியதும் செய்திகள் தொலையத் தொடங்கின. விடியக்காலையில் சரி, பின்னேரம் சரி, மதியத்தில் மட்டும் ஒன்றும் வந்து சேரவில்லை.

அவள் தன் நெறிமுறையில்தான் பிழை என்று நினைத்தாள். நான் என் கம்பிகளில் என்று நினைத்தேன். கிழமைக்கணக்காக ஆளுக்காள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு ஞாயிறு அவளே பஸ் ஏறி ஊருக்கு வந்தாள். வெயில் கொளுத்த வேலியோரம் நடந்துபோனோம். பாலை மரத்து நிழலில் இருந்த ஒரு பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிழலில்லாத வெட்டையில் நின்ற பெட்டியைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை எடுத்தாள்.

"ரீச்சர்! இதுக்குள்ள இருக்கிற மணிக்கூடு பிந்துது!"

சூடு ஏறினால் பெட்டிக்குள் இருக்கும் குவாட்ஸ் பளிங்கு மணிக்கூடு கொஞ்சம் மெதுவாக ஓடும். நிழலில் இருந்தது நேரத்துக்கு விழித்து, கதைத்து, தூங்கிவிடும். வெயிலில் நின்றது பிந்தி விழித்து, ஒருவரும் இல்லாத நேரத்தில் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். பின்னேரம் சூடு ஆறிய பிறகுதான் இரண்டும் ஒன்றையொன்று திரும்பத் தேடிப் பிடிக்கும். பாடப் புத்தகத்தில் நாங்கள் இருவரும் வாசித்த விசயம்தான். கை சுட்ட பிறகுதான் விளங்கியது. பக்கத்துப் பெட்டியின் குரல் கேட்கும்போதெல்லாம் தன் மணிக்கூட்டைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும்படி அவள் நெறிமுறையை மாற்றி எழுதினாள். வரம்பில் குந்தியிருந்து, மடியில் லப்டொப்பை வைத்து, முக்காட்டுத் தலைப்பைத் திரைக்கு மேலே குடை மாதிரிப் பிடித்துக்கொண்டு எழுதினாள். நான் பக்கத்தில் போத்தல் தண்ணியோடு இருந்தேன். அன்று மதியம் செய்தி ஒன்றுகூடத் தொலையாமல் வந்தபோது என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக இருந்த மதியம் வேறு இல்லை என்று சொன்னால் கணவர் கோபிப்பார். ஆனாலும் அதுதான் உண்மை.

மாரி மழைக்கு விதைத்த காலபோக நெல் பால் பிடித்த நேரம், ஒரு பின்னேரம், பொழுது படுகிற வேளையில் சைரன் அடித்தது.

மகளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்த நான் சீப்போடே ஓடினேன். வேலியோரத்து முதல் வயல் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்துடையது. அந்த வீட்டம்மாதான் முதல் ஆளாக யானை வெடியோடு நின்றா. பின்னால் ஊரே வந்தது. வெடிச் சத்தத்திலும் கூச்சலிலும் யானைகள் வரம்பைத் தாண்டாமல் திரும்பின. ஒரு மூலை மட்டும் மிதிபட்டிருந்தது. அந்த அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டா.

"டீச்சர், போன வருசம் இந்நேரம் ஒண்ணுமே இல்லாம நின்னோம். உங்க பெட்டி கத்திருச்சு டீச்சர்!"

"நான் மட்டுமில்லை அம்மா, என்ர சிநேகிதியும்" என்றேன்.

அவள் அன்று கொழும்பில் இருந்தாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் பட்டப் படிப்புக்கு இடம் கிடைத்து, விசா நேர்முகத்துக்குப் போயிருந்தாள். பிறகு நான் சிக்னல் எட்டுகிற மண்டபத்து வாசலில் நின்று திரும்பத் திரும்ப அழைத்தேன். நேர்முகத்துக்காக நிறுத்திய தொலைபேசியை அவள் இன்னும் போடவில்லை. என்னைச் சுற்றிச் சனம் சிரித்து, கத்தி, யானையைப் போல நடந்து காட்டிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டிருக்க வேண்டியவள் அங்கே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மற்றவர்கள் அதைச் சந்தோசக் கண்ணீர் என்று நினைத்தார்கள்.

வெளிநாடு போகிறதற்கு முன் அவள் ஒருதரம் வயலுக்கு வந்தாள். வெட்டுக்கு முந்திய நெல், மஞ்சளாய்ச் சாய்ந்து நின்றது. அந்த அம்மா இளநீர் வெட்டித் தந்தா. மண்டபத்தடியில் நின்று, "ஒருக்கா அடிச்சுக் காட்டட்டோ? கேட்டுட்டுப் போமன்" என்றேன். என் கை சைரன் சுவிச்சில் இருந்தது.

அவள் சைரனை அண்ணாந்து பார்த்தாள். ஆசை முகத்தில் தெரிந்தது. பிறகு என் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"வேணாம் ரீச்சர். சும்மா அடிச்சா அடுத்த தரம் சனம் ஓடி வராது."

அந்தச் சத்தத்தைக் கேட்காமலே அவள் போனாள்.

"நீரும் விண்ணப்பியும்" என்று பஸ் ஏறும்போதும் சொன்னாள். என்னால் போக முடியாது என்றில்லை. மகள், பள்ளிக்கூடம், கணவரின் வேலை என்று காரணங்கள் எல்லாம் உண்மையானவைதான். ஆனால் ஒவ்வொன்றையும் தனியே எடுத்துப் பார்த்தால் தாண்டலாம் போலவும் இருக்கும். விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். மகள் வந்து மடியில் ஏறுவாள். மூடிவிடுவேன். அதில் வருத்தமில்லை. வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. விளங்காத ஒரு வரியைப் பக்கத்துக் கதிரைக்குத் தள்ளி, "இதைப் பாருமன்" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் நல்லவர்கள். பிள்ளைகளின் மார்க்ஸ், கூட்டம், மழை எல்லாம் கதைக்கலாம். ஒரு பெட்டி இன்னொரு பெட்டியை எப்படி நம்புகிறது என்று கதைக்க முடியாது.

முதலில் கிழமைக்கு ஒருதரம் கதைத்தோம். அவளுக்கு விடிகிறபோது எனக்குப் பாடம் நடக்கும். அவளுக்கு ஓய்வு கிடைக்கிறபோது நான் சமையலில் நிற்பேன். மெல்ல மெல்ல அது பெருநாள் வாழ்த்தும் பொங்கல் வாழ்த்துமாகச் சுருங்கியது. சண்டை ஒன்றும் இல்லை.

போன மாதம் அவளுடைய புதிய கட்டுரை வந்தது. ஆசிரியர் அறையில் இருந்து வாசித்தேன். எங்கள் பெட்டிகளில் தொடங்கி எங்கேயோ தூரம் போயிருந்தாள். நடுவில் ஒரு சமன்பாட்டில் நான் தடக்கிவிட்டேன். முன்பென்றால் முழங்கையால் இடித்துக் கேட்டிருப்பேன். கேள்வியை எழுதி, அழித்து, பிறகு வெட்கத்தை விட்டுக் குரல் பதிவாக அனுப்பினேன்.

அடுத்த நாள் பதில் வந்தது. நீண்ட குரல் பதிவு. பின்னால் யாரோ எனக்குத் தெரியாத பாசையில் கதைத்துச் சிரித்தார்கள். அவள் கதவைச் சாத்திவிட்டு, "டீச்சர், நல்லா மாட்டிட்டீங்க, அந்த எடத்துல நானும் ரெண்டு கெழமை மாட்டித்தான் இருந்தேன்" என்று தொடங்கினாள். கடைசியில், பெட்டிகள் இப்பவும் ஓடுதா என்று கேட்டிருந்தாள். கணக்கை விளங்கிக்கொள்ள ஒருதரம் கேட்டேன். பிறகு கிணற்றடியில் உடுப்புத் தோய்த்தபடி, சும்மா, குரலுக்காக இன்னொருதரம் கேட்டேன். கோபமில்லாமலே முழுக்கப் புத்தளமாகிவிட்டிருந்தது பேச்சு. வன்னி எங்கே போனதென்று தெரியவில்லை.

அவளுடைய விளக்கம் சரிதான். ஆனால் ஒரு இடத்தில் எனக்குச் சம்மதமில்லை. வெயில் இல்லாத நாட்டில் இருந்து எழுதுவதால் எங்கள் மதியத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாள் போல. மகள் நித்திரை எழும்ப முன்னம் அதைச் சிநேகிதிக்குக் குரலில் சொல்லி அனுப்ப வேண்டும்.