வராதவர்களை அழைக்கிறவள்

என் மருமகள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே ஊரில் பாதிப் பேரைத் தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வரவழைத்துவிடுவாள். பாதி என்றது சற்று அதிகம்தான். பெருமை பேச உட்கார்ந்தால் எனக்குக் கை தாராளம். சர்க்கரை, இருதயம் என்று தொடர்ந்து மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்களை மட்டும்தான். யார் எப்போது வர வேண்டும் என்பது ஒரு எக்ஸெல் தாளில் இருக்கிறது. வராமல் போனவர்களுக்குத் தானாகவே குறுஞ்செய்தி போகும்படி அவள் மேக்ரோ என்று ஒரு குட்டி நிரல் எழுதி வைத்திருக்கிறாள்.

அந்தத் தொழில் புத்தி வீட்டிலும் விடாது. "சாப்பிட்டாச்சா?" என்று ஒருவரையும் கேட்கமாட்டாள். "சாப்பிடாதவங்க மட்டும் வாங்க" என்பாள். மாத்திரை போட்டுக்கொண்டேன் என்று நான் வாயெடுத்தால், "போட்டதை விடுங்க அத்தை, போடாதது எது?" என்பாள். "இவ என்னைக் கட்டிக்கிட்டதே வேற யாரும் தேறலைன்னுதாம்மா" என்று என் மகன் ஒருநாள் புலம்பினான். "அந்தக் கணக்குல தப்பே வரல" என்றாள், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமாங்கிறவங்களைப் பொறுக்கறது லேசு, அத்தை. இல்லைங்கிறவங்களைப் பொறுக்கறதுதான் கழுத்தறுப்பு. அந்த 'இல்லை' எதுவரைக்கும்னு வேலி கட்டிக் காட்டணும், இல்லேன்னா அது பாட்டுக்கு மேயும்" என்பாள். வேலி என்று அவள் சொல்வது அடைப்புக்குறியை.

அந்த வேலியைத்தான் ஒரு திங்கட்கிழமை, மேக்ரோவின் விதிகளைத் திருத்தும்போது, கட்ட மறந்தாள். வந்துவிட்டவர், இறந்துவிட்டவர் என்ற இரண்டு வகையிலும் சேராதவர்களுக்கே செய்தி போக வேண்டும். இரண்டையும் ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்து முன்னால் 'நாட்', அதாவது அந்த 'இல்லை', போட்டிருக்க வேண்டும். குறி விட்டுப்போனதால், 'நாட்' பக்கத்தில் நின்ற முதல் வகையை மட்டும் பிடித்துக்கொண்டது. வராதவர்களுக்கு அனுப்பு, இறந்தவர்களுக்கும் அனுப்பு என்று மேக்ரோ புரிந்துகொண்டது. அனுப்பியும் விட்டது: "நீங்கள் பரிசோதனைக்கு வரவில்லை. வியாழக்கிழமை தவறாமல் வரவும்."

தொலைபேசியில் வசவு கொட்டியது. "சுடுகாட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வரட்டுமா?" என்றார் ஒருவர். போனைக் காதிலிருந்து எடுக்காமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். மேலதிகாரி மட்டும் திட்டவில்லை. "ஒரு பிராக்கெட்தானேம்மா" என்றாராம். அதைச் சொல்லும்போதுதான் அவள் முகம் கோணியது.

வியாழக்கிழமை ஒருவர் வந்தே விட்டார். தையற்காரர், மனைவியைப் பறிகொடுத்தவர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கக்கத்தில் மனைவியின் பழைய ஸ்கேன் உறை. கவுன்டரில் இருந்த இவளிடம் செல்பேசியை நீட்டினார்.

"வரச் சொல்லியிருக்கீங்களேம்மா."

"ஐயா, அவங்க..."

"தெரியும்மா. நான்தான் எல்லாம் செஞ்சு முடிச்சேன். ஆனா கம்ப்யூட்டர் வேலை மெனக்கெட்டுக் கூப்பிடுமா? அன்னிக்கு உங்க பக்கத்துல ஆளு கீளு மாறிப் போயிருந்தா?"

பொழுது விடிந்தால் பொழுது போனால் 'நாட்' 'நாட்' என்று எழுதுகிறவளுக்கு அந்த ஒரு சொல் நாக்கில் வரவில்லை. "உட்காருங்கய்யா" என்று ஒரு டோக்கனைக் கொடுத்துவிட்டாள். பிரிவு மூடும்வரை அவர் உட்கார்ந்திருந்தார். அடுத்த வியாழனும் வந்தார், அதற்கடுத்ததும். இப்போது வியாழன்தோறும் அவர் கடை திறப்பதில்லை.

மேக்ரோவை அவள் அன்றைக்கே சரிசெய்துவிட்டாள். தன்னைத்தான் முடியவில்லை. பூட்டிய கதவைப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறாள். எழுதிய ஒரு வரியை நம்பாமல், என்னைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்கிறாள். எனக்கு அதில் பாதி புரியாது. அவளுக்குக் கேட்க ஒரு குரல் வேண்டும், அவ்வளவுதான்.

"அந்த வேலையை விட்டுத் தொலையேன்" என்றான் மகன்.

"விட்டுட்டா அவருக்கு யாரு டோக்கன் குடுப்பா?"

நல்ல வேளையாக இன்றைக்கு ஒரு வழி பிறந்தது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அது என் கைப்பிழை, உங்கள் வீட்டம்மா இனி வரமாட்டார் என்று சொல்லியே விட்டாள். மனிதர் அழுது தீர்த்தார். அவள் தலையைத் தொட்டு ஆசீர்வதித்தார். எழுந்து கடையைத் திறக்கப் போனார்.

"அத்தை, இதெல்லாம் எங்க நடந்துச்சு?" என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"நடக்கலையா?"

"பக்கத்துல போய் உட்கார்ந்தது நெசம். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, 'இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தியாம்மா, அவ பேரு வர லேட்டாகுமா?'ன்னு கேட்டாரு. ஆமாய்யான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

என் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். கடையைத் திறக்கப் போனதை அடித்தாள். ஆசீர்வாதத்தை அடித்தாள். அழுது தீர்த்த வரிக்கு வந்ததும், பேனா முனையை அதன்மேல் வைத்தபடி அப்படியே நின்றாள்.