சண்முகத்தாய் மேடம் திருப்பி எடுக்கச் சொன்ன லோடு

சேதி வந்தபோது சிவகாசி குடோன் வாசலில் ஒரு லாரிக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தார்ப்பாயில் கிழிசல் இருக்கிறது, மாற்று என்கிறேன் நான். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லையே என்கிறார் அவர். அந்த நேரத்தில் மாரியம்மாள் பேசினார். நூலகர் சண்முகத்தாய் மேடத்தின் அக்கா. “அண்ணாச்சி, தங்கச்சி காலையில தவறிட்டா. சாயங்காலம் எடுக்கோம்.” போனை வைத்த பிறகும் நான் தார்ப்பாயைப் பற்றியே ரெண்டு வார்த்தை பேசியிருக்கிறேன். அதற்கப்புறம்தான் உறைத்தது. ஏற்றிய பெட்டி ஏற்றியபடி கிடக்க, விருதுநகருக்கு வண்டியை எடுத்தேன்.

நம் பட்டாசுத் தொழில் மலரைப் படிக்கிற உங்களில் பலருக்கு மேடத்தைத் தெரியும். விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்தவர். போன சீசனுக்கு முன்னால், கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு என் கூட உங்கள் ஆலை வாசலில் வந்து நின்ற அம்மா என்றால் இன்னும் சிலருக்கு ஞாபகம் வரும். ஒருவர் வாட்ச்மேனை விட்டு எங்களைத் திருப்பி அனுப்பினார். பேர் வேண்டாம். அவருக்கே தெரியும்.

நான் அவரிடம் போனது நல்ல எண்ணத்தில் இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் மழை பிந்தி நின்று, வேலை நாள் பல போய்விட்டது. ஆர்டர் கழுத்தைப் பிடித்தது. பட்டாசு மருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் முடித்து அறையைப் பூட்டிவிடுவது நம் எல்லோருக்கும் தெரிந்த முறை. காற்று காய்ந்து கிடக்கும் நேரத்தில் உரசலில் மின்சாரம் சேரும், ஒரு பொறி போதும். ஆனால் பகல் முழுக்கக் கலந்தால் ஆர்டரை எட்டிப் பிடிக்கலாம். “கலக்கலாம்” என்று படித்தவன் எவனாவது எங்கேயாவது எழுதியிருக்க மாட்டானா என்று தேடித்தான் போனேன். அந்த நூலகத்தில் சனிக்கிழமைகளில் வெளியாட்களும் போய்ப் பார்க்கலாம். வெறுங்கையோடு போக வேண்டாம் என்று ஒரு பட்டாசு கிஃப்ட் பெட்டி கொண்டுபோனேன்.

பெட்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். “லைப்ரரிக்குள்ள வெடியைத் தூக்கிட்டு வந்திருக்கீகளே அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கீகளா? கொண்டுபோய் வண்டில வச்சுட்டு வாங்க, பேசுவோம்.”

வைத்துவிட்டு வந்தேன். “மத்தியானம் மருந்து கலக்கலாமான்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க மேடம்” என்றேன். சிரித்தார். “காத்தை அளக்கிறவனுக்கு உங்க மருந்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. மொதல்ல காத்தைப் பத்தி மட்டும் கேப்போம்.” என் ஒரு கேள்வியை நாலாக உடைத்தார். காற்றின் ஈரப்பதம், உரசல் மின்சாரம், பகலில் எந்த மணி, எந்த மாதிரி நிலம். வளிமண்டல ஆராய்ச்சிக் கட்டுரைகள் அம்புட்டையும் சேர்த்து வைத்திருக்கும் தரவுத்தளம் ஒன்றில் அந்த நாலையும் ஆங்கிலத்தில் அடித்தார். திரையில் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தது. எனக்கு மலைப்பாகிவிட்டது. “இப்ப நாலு வார்த்தைக்கும் நடுவுல ‘அல்லது’ன்னு போட்டிருக்கேன், மொத்த மார்க்கெட்டும் வருது. ‘மற்றும்’னு மாத்துனா உங்களுக்குச் சரக்கு வச்சிருக்கிற கடை மட்டும் நிக்கும்” என்றார். மாற்றினார். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. இதைப் படித்தவர்களுக்கு எப்படிச் சொல்வாரோ தெரியாது. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படிச் சொன்னார்.

அதில் ஒரு கட்டுரையின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினார். பகல் நேரத்தில் அளந்து பார்த்ததில் ஆபத்தான அளவுக்கு மின்சாரம் சேரவில்லை என்கிற மாதிரி இருந்தது. “போதும் மேடம், இதான் வேணும்” என்றேன். “சுருக்கம்ங்கிறது கடை போர்டு அண்ணாச்சி. உள்ள என்ன இருக்குன்னு போய்ப் பாக்கணும். முழுக் கட்டுரை நம்ம காலேஜுக்கு வராது. எழுதினவருக்கே மெயில் போடுதேன். வர்ற வரைக்கும் ஒண்ணும் செஞ்சுராதீக” என்றார். தலையாட்டினேன். அவர் பிரிண்டருக்குத் தாள் வைக்கத் திரும்பிய நேரத்தில் திரையைப் போனில் படம் எடுத்தேன்.

என் யூனிட் தாயில்பட்டி ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. திங்கட்கிழமை மத்தியானம் போர்மேன் காளிராஜிடம் படத்தைக் காட்டிக் கலவையைத் தொடரச் சொன்னேன். அவர் வெளியே நின்று வெயிலைப் பார்த்தார். “சுள்ளுன்னு அடிக்கு மொதலாளி. இதை எழுதுனவன் இங்கன வந்து கலக்குவானா?” என்றார். “ஆராய்ச்சிலேயே போட்டிருக்கான்யா, ஒனக்கு என்ன?” என்று வாயை அடைத்தேன். எனக்கே உள்ளுக்குள் துணிச்சல் பத்தவில்லை போல. நம் ஆட்கள் இருக்கிற வாட்ஸப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டு, “பகலில் கலக்கலாம், ஆராய்ச்சி சொல்கிறது” என்று எழுதினேன். நாலு பேர் சேர்ந்து செய்தால் தப்பில்லை என்கிற நினைப்பு. கட்டைவிரல் கட்டைவிரலாக வந்து விழுந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து மேடம் கூப்பிட்டார். முழுக் கட்டுரை வந்திருந்தது. அவர் தமிழில் வாசித்துச் சொன்னார். அளந்தது ஒரு குளிர்தேசத்துக் கடற்கரையில், அதுவும் ஈரக்காற்று அடிக்கிற மாதங்களில். காய்ந்த உள்நாட்டு நிலத்துக்கு இதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கடைசிக்கு முந்தின பக்கத்தில் அவர்களே எழுதியிருந்தார்கள். நூலக வாசல் தாண்டியதும் காளிராஜுக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னேன். பன்னிரண்டு நாளில் என் அறையில் ஒன்றும் நடக்கவில்லை. மேடத்திடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. குழுவிலும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கை மாற்றினால் மதிப்புப் போய்விடும் என்று நினைக்கிற ஜாதி நாம்.

ரெண்டு மாதம் கழித்து ஒருநாள் பகலில் என் கடைக்கு வந்தார். பஸ்ஸில் வந்த வேர்வையோடு நின்றபடியே போனை நீட்டினார். நான் எடுத்த படம். ஓரத்தில் அவருடைய சில்வர் டம்ளர் தெரிகிறது. “எங்க அக்கா வேலை பாக்கிற வெடியாபீசுல போர்மேன் காட்டிருக்கார். மத்தியானமும் அவளை மருந்து செலுத்த உக்கார வச்சிருக்காங்க. அவ எங்கிட்ட, ஏட்டி, இது ஒன் டம்ளர்தானேங்கிறா.”

மாரியம்மாள் பட்டாசுக்கு மருந்து செலுத்துகிறவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“என் யூனிட்ல அப்பவே நிப்பாட்டிட்டேன் மேடம். ஒண்ணும் நடக்கலை” என்றேன்.

“ஒண்ணும் நடக்காதது ஆதாரம் இல்ல அண்ணாச்சி. உங்க ஊர்ல தப்பான லோடு ஒண்ணு கிளம்பிப் போயிருச்சுன்னா என்ன செய்வீக?”

“போன் போட்டுத் திருப்பச் சொல்லுவேன்.”

“திருப்பலைன்னா?”

“ஆள் அனுப்புவேன். இல்லைன்னா நானே போவேன்.”

“அப்ப கிளம்புங்க.”

முதலில் குழுவில் மறுப்பு எழுதினேன். ஒரு கட்டைவிரல் வரவில்லை. வியாபாரிக்கு இது புரியாத விஷயமா? பிடித்த சரக்கு தானாக ஓடும், பிடிக்காததை நாம்தான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அலைந்தோம். சனிக்கிழமைகளில் என் காரில் ஆலங்குளம் வரைக்கும்கூடப் போனோம். மேடம் எந்த முதலாளியிடமும் நியாயம் பேச மாட்டார். “உங்களுக்கு இதை யார் அனுப்புனா? நீங்க யாருக்கு அனுப்புனீக?” இந்த ரெண்டே கேள்வி. பதிலைக் குறித்துக்கொண்டு, கடைசிக்கு முந்தின பக்கத்தை வாசித்துக் காட்டி, அடுத்த ஆளைத் தேடிக் கிளம்பிவிடுவார். ஒருவர் எரிச்சலில், “ஏம்மா, புஸ்தகம் அடுக்குற ஒங்களுக்கு வெடியாபீஸ்ல என்ன சோலி?” என்று கேட்டார். “தப்பான எடத்துல இருக்கிறதை எடுத்து வைக்கிறதுதான் சார் என் சோலி” என்றார். காரில் ஏறியதும் தண்ணீர் கொடுத்தேன். “அடுத்தது எங்கன?” என்றார்.

மார்கழிக்குப் பிறகு அவரால் படியேற முடியவில்லை. மதுரையில் வைத்தியம் பார்த்தார்கள். பார்க்கப் போனபோது நான் உடம்பைப் பற்றி விசாரித்தேன், அவர் படத்தைப் பற்றி விசாரித்தார். “நின்னுருச்சா?” என்றார். அனேகமாக நின்றுவிட்டது என்றேன். “அனேகமான்னா?” என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.  

மேடத்தை எடுத்துவிட்டு வந்து ஒன்பதாம் நாள், முன்பின் தெரியாத எண் ஒன்றிலிருந்து எனக்கே அந்தப் படம் வந்தது. டம்ளரை வெட்டிவிட்டு, கீழே சிவப்பு எழுத்தில் “விஞ்ஞானிகள் உறுதி” என்று யாரோ சேர்த்திருந்தார்கள். எண்ணைக் கூப்பிட்டேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் புதிதாக யூனிட் குத்தகைக்கு எடுத்தவர்.

“யாருய்யா பேசுறது?”

“அந்தப் படத்தை எடுத்தவன் பேசுறேன் தம்பி.”

“அப்படியா! ரொம்ப நல்ல காரியம் செஞ்சீக அண்ணாச்சி. பெரிய உபகாரம்.”

“இப்ப மணி பன்னெண்டரை. ஒங்க யூனிட்ல கலவை நடக்கா?”

“நடக்கே.”

“நிப்பாட்டுங்க. அது பாதிதான். மீதி என் கையில இருக்கு, கொண்டு வாரேன்.”

“போன்லயே அனுப்பி விடுங்களேன்.”

“அனுப்புனா நீங்க படிக்க மாட்டீக. நேர்ல வாரேன்.”

நான் போய்ச் சேர்ந்தபோது கலவை அறை பூட்டிக் கிடந்தது. என் சொல்லுக்குப் பூட்டினாரா, கலந்து முடித்துப் பூட்டினாரா என்று கேட்கவில்லை. பக்கத்தை வாசித்தேன். மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே கேட்டார். யார் அனுப்பியது, யாருக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டேன். ஏழு பேர் சொன்னார். அந்த ஏழு பேரையும் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. வெயில் ஏறினால் வண்டிச் சாவியைத் தேடுகிறேன். மேடத்திடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த ரெண்டு கேள்வியும் இந்த இருப்புக்கொள்ளாமையும்தான். இரண்டையும் நான் வைத்துக்கொள்கிறேன்.

இந்த மலரைப் படிக்கிற உங்களில் யாருடைய போனிலாவது அந்தப் படம் இருந்தால், தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். யார் அனுப்பினார்கள் என்று முதலில் எனக்குச் சொல்லுங்கள். என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டிவிட்டே சொல்லுங்கள். கலவையை மட்டும் நிறுத்தி வையுங்கள், நான் கிளம்பி வருகிறேன்.