தங்கசாமி எரியவிட்ட விளக்கு

தங்கசாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. பரமத்தி சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் முட்டைக்கோழிப் பண்ணையில் இருபத்து மூன்று வருடமாக வேலை. விடியற்காலை நாலு மணிக்கு முட்டை வைக்கும் கோழிகளின் லேயர் ஷெட்டில் விளக்குப் போடுவது அவர் பொறுப்பு. இப்போது டைமர் வந்துவிட்டது. ஆனாலும் கரண்ட் போய் வந்தால் அது குழம்பிவிடும் என்று அவர் அதை நம்புவதில்லை. விளக்கு எரிவதை நின்று பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கவே போவார். சொந்தக்காரர் கல்யாணம் என்றாலும் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

நான் அந்தப் பக்கத்துக் கோழி டாக்டர். ஒரு நாளைக்கு ஆறு பண்ணை, ஆறிலும் ஒரே நாற்றம், ஒரே புலம்பல். எனக்கு இந்த வேலை சலித்துப்போய் பல வருடமாயிற்று.

மார்கழியில் ஒரு நாள் பண்ணைக்காரர் கதிர்வேல் போன் செய்தார். குரோவர் ஷெட்டில், அதாவது முட்டைக்கு வராத இளங்கோழிகள் வளரும் ஷெட்டில், மூன்று கோழிகள் செத்துக் கிடந்தனவாம். பொழுது சாயும் நேரத்தில் போய்ப் பார்த்தேன். பின்பக்கச் சதை வெளியே தள்ளியிருந்தது, மற்ற கோழிகள் அதைக் கொத்தியிருந்தன. பக்கத்துக் கூண்டில் புறா முட்டை அளவில் ஒரு முட்டை கிடந்தது. பதினாலு வாரக் கோழி முட்டையே வைக்கக் கூடாது.

தூக்கணாங்குருவி மழையைப் பார்த்துக் கூடு கட்டும். கோழி பார்ப்பது பகலின் நீளத்தை. பகல் நீண்டால் மூளையிலிருந்து ஹார்மோன் கிளம்பும், அது உள்ளே போய் முட்டை வேலையைத் தொடங்கிவைக்கும். அதற்காகத்தான் லேயர் ஷெட்டில் விடியுமுன் விளக்கு. இளங்கோழிக்கு அந்த விளக்கு ஆகவே ஆகாது. உடம்பு முற்றுமுன் முட்டை வந்தால் அது தாங்காது. அதுவும் மார்கழியில் பகல் சுருங்கிக் கிடக்கிறது. பிறகு இவற்றுக்கு என்ன அவசரம்?

"யாரு தப்புன்னு தெரியோணுங்க டாக்டர். தெரிஞ்சா இன்னைக்கே கணக்க முடிச்சு அனுப்பீருவேன்" என்றார் கதிர்வேல். பண்ணையில் வேலை போனால் குடியிருக்கும் அறையும் போகும்.

அவரை வாசலில் நிறுத்திவிட்டு நான் வரிசை வரிசையாக நடந்தேன். கடைசி இரண்டு வரிசையில் மட்டும் கொண்டைகள் சிவந்திருந்தன. முதுகில் கை வைத்ததும் கோழிகள் குந்தின. இரண்டும் முட்டைக்கு வந்துவிட்ட கோழியின் அடையாளம். வலைக்கு வெளியே பதினைந்தடி தூரத்தில் தங்கசாமியின் அறை. அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் சரியாக அந்த இரண்டு வரிசையில் விழுந்தது.

தங்கசாமி என் பின்னால்தான் நின்றார். நான் கேட்கும்வரை அவர் காத்திருக்கவில்லை.

"அந்த பல்புதானுங்களா?"

"எத்தனை நாளா எரியுதுங்க?"

"ஒன்றரை மாசமாச்சுங்க. விடிய விடிய எரியுது."

அவர் மனைவி சாலம்மாளுக்குச் சர்க்கரை நோய், கண் பார்வை பாதி போய்விட்டது. ஐப்பசியில் இருட்டில் கழிப்பறைக்குப் போகும்போது விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது. இன்னும் கூடவில்லை. வலது கையால் சுவரைப் பிடித்தால் டார்ச் பிடிக்கக் கை இல்லை. நாலு மணிக்கு எழ வேண்டிய மனிதர் என்று புருஷனை எழுப்பவும் மாட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "இத்தன வருசமா வெளக்குப் போடறீங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"பாத்துட்டுத்தானுங்க உட்டேன். எட்டு மணிக்குப் பாத்தேன், பத்து மணிக்குப் பாத்தேன். அத்தனையும் கண்ண மூடித் தூங்குதுங்க. கண்ணுல வெளிச்சம் பட்டாத்தான் முட்டைக்கு வரும்னு நீங்கதானுங்க ஒருக்கா சொன்னீங்க."

சொல்லியிருக்கிறேன். ஏதோ ஒரு வெயில் மத்தியானம், பேச்சை முடித்துக் கிளம்பினால் போதும் என்ற அலுப்பில் சொன்னது. உண்மையில் கோழிக்கு வெளிச்சம் கண் வழியாக மட்டும் போவதில்லை. மண்டையோட்டை ஊடுருவி நேராக மூளைக்கே போகும். கண்ணை மூடினாலும் படும். இதை விளக்கப் பத்து நிமிடம் ஆகும். நான் அரை நிமிடத்தில் முடித்திருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே என் வாயால் கெட்டது இன்னொருவர். வெட்கமாக இருந்தது.

கதிர்வேலிடம் போய் மறைக்காமல் சொன்னேன். "வெளிச்சந்தானுங்க காரணம். ஆனா அவரு என் பேச்சக் கேட்டுத்தான் பல்ப எரியவிட்டிருக்காரு. அனுப்பறதுன்னா மொதல்ல என்னைய அனுப்புங்க."

கதிர்வேல் சலித்துக்கொண்டார். "நீங்களே இப்படிச் சொன்னா நான் என்னங்க பண்றது. பல்பக் கழட்டச் சொல்லுங்க. மறைப்புக் கட்டறதெல்லாம் வேண்டாமுங்க. இன்னொருக்கா எரிஞ்சா நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

வேலை தப்பியது. எனக்கு மூச்சு வந்தது. தங்கசாமி ஒரு தீவன டிரம்மைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறிப் பல்பைக் கழற்றினார்.

சாலம்மாள் அறை வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"நிறுத்தியாச்சுங்களா டாக்டர்?"

"ஆமாங்கம்மா."

"செரிங்க. நான் பொழுது எறங்குனா தண்ணி குடிக்காம இருந்துக்கறேன். அப்புறம் வெளிய போற வேலையே இல்லீங்களே."

ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். "சக்கரை இருக்கறவங்க அப்படி இருக்கக் கூடாதுங்கம்மா" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"கொஞ்ச நாளைக்குத்தானுங்க. இந்தக் கோழியெல்லாம் லேயர் ஷெட்டுக்கு எப்பப் போகும்?"

"மூணு வாரத்துலங்க."

"மூணு வாரந்தானுங்களே" என்று சிரித்தார்.

அவை போன பிறகு அடுத்த பேட்ச் இதே ஷெட்டுக்கு வரும். அதற்கும் இருட்டுதான் வேண்டும். அதை நான் சொல்லவில்லை. தங்கசாமியும் சொல்லவில்லை.