உப்புக் குன்றின் முன்னால் அப்பா

அந்தப் படத்தில் அப்பா அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அது அவருடையதல்ல என்று பார்த்தவுடனே தெரியும். மூக்கில் நிற்காமல் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. பின்னால் வெள்ளை வெளேரென்று ஒரு குன்று. பனியல்ல, உப்பு. குன்றின் அடியில் ரோஸ் நிறத்தில் தண்ணீர், அதற்கப்பால் பொட்டுப் பொட்டாகப் பூநாரைகள். எண்பத்தெட்டாம் ஆண்டு பளையில் எங்கள் வீட்டு வாசலில் குந்தியிருந்து அம்மா கடித உறையைக் கிழித்தபோது இந்தப் படம் அவர் மடியில் விழுந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா ஆனையிறவுக்கு வந்திட்டார்" என்று கத்திக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடினான். அவனைப் பிடித்துக் கொண்டுவருவது எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

தம்பி அப்படி நினைத்ததில் பிழையில்லை. அப்பா டென்மார்க்குக்குப் போகும்வரை ஆனையிறவு உப்பளத்தில்தான் வேலை செய்தார். அங்கேயும் உப்பைக் குன்று குன்றாகக் குவித்திருப்பார்கள், அங்கேயும் பூநாரைகள் வந்து நிற்கும். ஆனால் டென்மார்க்கில் ஹேர்னிங் என்ற ஊரில், ஒரு துணித் தொழிற்சாலையில் இருப்பதாகத்தான் அப்பா எழுதிக்கொண்டிருந்தார். பனி, இருட்டு, சைக்கிள், குளிரில் வெடித்த கை, இவைதான் அவருடைய கடிதங்களில் இருக்கும். மனைவி பிள்ளைகளைக் கூப்பிட அந்த நாட்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது, விண்ணப்பம் கொடுத்தாயிற்று, பதில்தான் வரவில்லை என்பதும் ஒவ்வொரு கடிதத்திலும் இருக்கும். அப்படிப்பட்டவர் இந்த வெயிலில் எங்கே நிற்கிறார்? படத்தின் பின்னால், "உப்பைக் கண்டதும் உங்கள் நினைவு வந்தது. நான் நல்ல சுகம்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

அம்மா படத்தைத் தன் தமையனிடம் கொண்டுபோனார். பெரிய மாமா தபால் கந்தோரில் இருந்தவர். வெளிநாட்டு முத்திரைகளைப் பார்த்துப் பார்த்து, உலகமே தன் மேசைக்கு வந்துபோவதாக அவருக்கு ஒரு நினைப்பு. படத்தின் ஓரத்தில் தெரிந்த பெயர்ப்பலகையை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "இது பிரெஞ்சு, தங்கச்சி. இந்த மனுசன் டென்மார்க்கை விட்டு எப்பவோ பிரான்சுக்கு மாறிட்டார். முத்திரை டென்மார்க்கினதெண்டால் என்ன, அங்கை ஆரையும் கொண்டு கடிதம் போடுவிக்கலாம். அங்கை ஆரோடை இருக்கிறாரோ தெரியேல்லை."

அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் அப்பா ஒரு புதுச் செய்தி எழுதினார். தன்னுடையது மட்டுமல்ல, தெரிந்த தமிழர் எல்லாருடைய விண்ணப்பமும் அப்படியே கிடக்கிறதாம், ஏனென்று கேட்டால் ஒருவரும் சொல்கிறார்களில்லையாம். மாமா சிரித்தார். "வெள்ளைக்காரன் சட்டத்திலை எழுதி வைச்சால் செய்வான். செய்யேல்லை எண்டால் இவர் விண்ணப்பம் குடுக்கேல்லை எண்டுதான் அர்த்தம்." கூட வாழ்ந்த மனிதரை விட்டுவிட்டு, கண்ணாலும் காணாத ஓர் அரசாங்கத்தை அம்மா நம்பினார். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது, அது மாமாமேல். அம்மாவை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஒழுங்கையில் இராணுவம், தலைக்கு மேலே ஹெலிகொப்டர், இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்த பெண் அவர். வேறு ஆரிடம் போய்க் கேட்பது?

நடந்தது என்னவென்று அப்பா பின்னாளில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டென்மார்க்கில் யூலை மாதம் தொழிற்சாலைகளை மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் அப்பா அறையில் தனியே இருந்து, கதவில் கடிதம் போடுகிற துவாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தொழிற்சாலையில் அப்பாவை மேய்த்த போமன், அதாவது மேற்பார்வையாளர், ஒரு வயதான டேனிஷ்காரர். ஆண்டுதோறும் மனைவியோடு, காருக்குப் பின்னால் வீடுபோன்ற கரவன் வண்டியைக் கொழுவிக்கொண்டு தென் பிரான்சுக்குப் போகிறவர். "இந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தால் உனக்கு விசர் பிடிக்கும்" என்று சொல்லி, அப்பாவின் அகதிப் பயணப் பத்திரத்தில் விசா எடுப்பித்து, தங்களோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர்கள் கரவனுக்குள் படுக்க, அப்பா பக்கத்தில் சின்னக் கூடாரமடித்துப் படுத்தாராம்.

ரோன் ஆறு கடலில் விழுகிற கமார்க் என்ற அந்தச் சதுப்பு நிலத்தைப் பற்றி அப்பா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். தண்ணீருக்குள் நின்று மேயும் வெள்ளைக் குதிரைகள், கறுப்பு மாடுகள், பிரான்சிலும் நெல் விளைகிறது என்று கண்டு வரம்பில் இறங்கிக் கதிரைத் தடவிப் பார்த்தது. நீம் நகரத்துக்குக் கிட்ட ரோமர் கட்டிய மூன்றடுக்குப் பாலத்தை, ஆட்கள் ஆறு கடக்கத்தான் கட்டினார்களாக்கும் என்று நினைத்தாராம். ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டியது என்று போமன் விளங்கப்படுத்தினாராம். கடைசியாக எக்-மோர்த் என்ற மதில் சூழ்ந்த பட்டினம். ஒரு காலத்தில் அரசன் ஒருவன் சிலுவைப் போருக்குக் கப்பலேறிய இடம் அது. மதிலுக்கு வெளியே போனால் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். அப்பா குன்றைக் கண்டதும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாராம். போமன் படமெடுக்கக் கமராவைத் தூக்கியபோது, அவருடைய மனைவி வந்து புருஷனின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அப்பாவுக்குப் போட்டுவிட்டாராம், அழுத கண் படத்தில் தெரியக்கூடாதென்று.

இதில் ஒரு வரியைக்கூட அப்பா அம்மாவுக்கு எழுதவில்லை. வெட்கம்தான் காரணம். குண்டு விழுகிற இடத்தில் இருக்கிற மனைவிக்கு, நான் விடுமுறையில் பிரான்ஸ் பார்க்கப் போனேன் என்று எந்த மனிதன் எழுதுவான்? படத்தை அனுப்பாமல் இருக்கவும் அவரால் முடியவில்லை.

எண்பத்தொன்பதில் விண்ணப்பங்கள் அசையத் தொடங்கின. அந்த ஆண்டு முடிவதற்குள் நாங்கள் டென்மார்க்கில் வந்திறங்கினோம். ரயிலையே கப்பலில் ஏற்றிக் கடல் கடக்கிறார்கள் என்று நானும் தம்பியும் வாயைப் பிளந்துகொண்டிருக்க, அம்மா அப்பாவைப் பார்க்காமல் யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஹேர்னிங் வீட்டுக்கு வந்த மறுநாள், அப்பா வேலைக்குப் போனதும் அலுமாரி, மேசை லாச்சி, குளியலறைத் தட்டு எல்லாவற்றையும் அம்மா துருவினார். அடிப்பிடித்த ஒரு சட்டியைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாததே அவருக்குச் சந்தேகமாக இருந்திருக்கும். போமனும் மனைவியும் கேக்கோடு எங்களைப் பார்க்க வந்து, கையாலும் காலாலும் அந்தப் பயணத்தை நடித்துக்கூடக் காட்டினார்கள். சந்தேகம் பிடித்த மனம் சாட்சியையும் சேர்த்தல்லவா சந்தேகிக்கும்? அம்மா அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

அப்பா கமார்க் கதை சொல்லத் தொடங்கினால் அம்மா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார். அப்பாவுக்கு இது விளங்கவேயில்லை. போருக்குள் தனியே விட்டுவிட்டு வந்த கோபமென்றுதான் அவர் கடைசிவரை நினைத்தார். "அம்மா கனக்கக் கஷ்டப்பட்டிட்டா பிள்ளை. கொஞ்சம் விட்டுப்பிடிப்பம்" என்று எனக்குச் சொல்லுவார். தன்மேல் இருந்த குற்றச்சாட்டு எதுவென்று தெரியாமலே, வேறொன்றுக்காக அவர் தலை குனிந்து நடந்துகொண்டிருந்தார்.

தொண்ணூற்று மூன்று தை மாதம் ஒரு நாள், நானும் அம்மாவும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். அப்பா பின்னேர வேலைக்குப் போயிருந்தார். பிரதமர் பதவி விலகுகிறார் என்று செய்தி. திரும்பத் திரும்பத் தமிழர் என்ற சொல் வந்ததால் அம்மா தையலை மடியில் வைத்துவிட்டு, "என்னவாம்?" என்று கேட்டார்.

"முந்தி இருந்த மந்திரி ஒருத்தர் எங்கடை ஆக்களின்றை விண்ணப்பங்களை வேணுமெண்டு நிப்பாட்டி வைச்சவராம். குடும்பத்தைக் கூப்பிடக் குடுத்தது. பிரதமர் அதை மூடி மறைச்சவராம்."

"ஆற்றை விண்ணப்பங்களை?"

"எல்லாத் தமிழற்றையும்தான்."

"எந்த வருஷம்?"

சொன்னேன். "இன்னொருக்காச் சொல்லு" என்றார். சொன்னேன். அம்மா எழுந்து தொலைக்காட்சியை நிறுத்தினார். பிறகு யன்னலைப் பார்த்துக்கொண்டு, "அப்ப இவர் எழுதினது சரிதான்" என்றார். என்னிடம் சொன்னதல்ல அது.

அப்பா வந்ததும் வராததுமாக, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "பாத்தியளோ? அண்டைக்கு நான் எழுதினது இதைத்தான்" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "ஓம், பாத்தனாங்கள். வாங்கோ, சாப்பிடுங்கோ" என்றார் அம்மா. இப்போது சொல்லிவிடுவார், நான் உங்களைப் பிழையாக நினைத்துவிட்டேன் என்று இப்போது சொல்லிவிடுவார் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா இன்னும் கொஞ்சம் கறி விடட்டுமா என்று கேட்டார். அது நான் சொல்லக்கூடிய சொல்லல்ல. எங்கள் வீட்டில் தாய் தகப்பனுக்கிடையில் பிள்ளைகள் புகுவதில்லை.

அன்றைக்குப் பிறகு அம்மா கனிந்துபோனது உண்மை. குழாய் திறக்கிற வழக்கம் நின்றது. ஒருநாள் அவராகவே, "அந்தக் குதிரையள் முழு வெள்ளையோ?" என்று கேட்க, அப்பா தலைகால் தெரியாமல் கதையை முதலிலிருந்து தொடங்கினார். எல்லாருமாக ஒருக்காப் போய்ப் பார்த்து வருவோம் என்று ஒவ்வொரு யூலையும் சொன்னார். அம்மா ஒவ்வொரு யூலைக்கும் ஒரு சாட்டு வைத்திருந்தார்: தம்பியின் சோதனை, என் கல்யாணம், பிறகு முழங்கால். அந்தச் சொல்லைச் சொல்லாமல் அவரோடு அந்த இடத்தில் போய் நிற்க அம்மாவுக்குத் துணிவு வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். அப்பா விடுமுறைகளில் வேலிக்கு மை பூசினார். பென்சன் எடுத்தார். பிறகு ஒரு மாரிக் குளிரில், ஆஸ்பத்திரியில், அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடிவிட்டார்.

போன கோடையில் அம்மா தானாகவே, "அந்த உப்பு இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்றார். எக்-மோர்த் இப்போது சுற்றுலாக்காரர்களால் நிறைந்து வழிகிறது. உப்பளத்தைச் சுற்றிக்காட்ட ஒரு சின்ன ரயில் விட்டிருக்கிறார்கள், கடைகளில் உப்பைச் சிமிழில் அடைத்து ரிப்பன் கட்டி விற்கிறார்கள். அப்பா பார்த்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். மதில் மூலையில் இருக்கிற பெரிய வட்டக் கோபுரத்தில் ஏறவேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தார். முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஏறினோம். மேலே கல்லறைபோல் ஒரு வட்ட அறை. அரசனுடைய சமயத்துக்கு மாற மறுத்த பெண்களை முன்னொரு காலத்தில் அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். சிலர் இளம் வயதில் உள்ளே போய்க் கிழவியாகித்தான் வெளியே வந்தார்களாம். நடுவிலிருக்கும் கல் வளையத்தில், எதிர்த்து நில் என்று பொருள்படும் ஒரு சொல்லை அவர்களில் ஒருத்தி கீறி வைத்ததாகச் சொல்கிறார்கள். பலகையில் இருந்ததை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அப்ப, மாறுறன் எண்டு சொன்னால் விட்டிருப்பினமோ?"

"ஓம் அம்மா. ஒரு சொல்லுத்தான். சொல்லியிருந்தால் அண்டைக்கே கதவைத் திறந்து வீட்டை அனுப்பியிருப்பினம்."

அம்மா குனிந்து, அந்த எழுத்துகள் இருந்த பக்கமாகக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வந்தவர்கள் எங்களை விலத்திக்கொண்டு போனார்கள்.

"அவையள் கடவுளுக்காகச் சொல்லாமல் விட்டவை" என்றார். "நான் ஆருக்காக, பிள்ளை, சொல்லாமல் விட்டனான்?"