தலைவர் வீட்டுக் காபி

தேயிலை விலை விழுந்திருந்த காலம். மஞ்சூர்ப் படிப்பகத்துக் கரும்பலகையில் ஊர்ச்செய்தி எழுதுவது என் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் தேயிலை விவசாயிகள் சங்கத் தலைவர். மேடைதோறும் "எல்லாரும் டீ குடிங்க" என்று முழங்குவார். அவர் வீட்டிலிருந்தோ தினமும் காபி மணம் வந்தது. அதை எழுதிவிட்டேன்.

கொதித்துப்போய்ப் படிப்பகத்துக்கே வந்தார். "ஏனுங்க, என் ஊட்டு அந்தரங்கத்தை எழுத நீங்க யாருங்க? கேஸ் போட்டுருவேன்!"

"ஊருக்குப் புத்தி சொல்றவரைக் கேள்வி கேக்கறது எங்க உரிமைங்க," என்றேன்.

கூடியிருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள். நடுவில் அவர் மனைவி வந்தார். "காபி குடிக்கறது நானுங்க. அவருக்கு வெந்நிதான்."

உடனே பலகையில் தலைவரை அழித்து அந்த அம்மாளை எழுதினேன். அம்மாள் நிதானமாகப் படித்துப் பார்த்தார்.

"ஃபில்டர் காபின்னு போடுங்க. வேற எதையோ குடிக்கறேன்னு நினைச்சுக்கப் போறாங்க."

தலைவர் வீட்டுக்குப் போய்விட்டார்.