புள்ளியின் காதில் விழுந்த குறி

கண்ணகை அக்கா எங்கே உட்கார்ந்தாலும், உட்கார்ந்தவுடன் பக்கத்து நிலத்தை உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டுவார். பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன். வீட்டுப் படியில், கோயில் வீதியில், ஒருமுறை பஸ்ஸில்கூடப் பக்கத்து இருக்கையைத் தட்டினார். அது அவருடைய பூனைக்கு அழைப்பு. பூனை வந்து அந்த இடத்தில் சுருண்டு படுக்கும். ஒரு பூனை செத்து இன்னொன்று வந்தபிறகும் தட்டுவது நிற்கவில்லை.

ஒருநாள் எனக்கும் அப்படித் தட்டினார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். எனக்கென்று கொடுக்க வீடு இல்லாததால் நான்தான் செங்கலடிக்கு உள்ளே இருக்கும் இந்த ஊருக்கு வந்தேன். அம்மா குவைத்துக்குப் போனதால் ஏழாம் வகுப்போடு படிப்பையும் விட்டவள். யார் வீட்டுக்கும் போக வெட்கம். அக்கா வீட்டுக்குத் தயிர் வாங்கப் போனாலும் கூப்பிடாமல் வேலியோடு நிற்பேன். கண்ணகை அக்கா என்னைக் கண்டுவிட்டு நிலத்தைத் தட்டினார்.

"வா கா புள்ள, இதில இரு. பூனையும் கடிக்காது, நானும் கடிக்க மாட்டன்."

அன்றிலிருந்து இந்த ஊரில் எனக்கு உட்கார ஒரு இடம் இருந்தது.

அவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. புருஷன் காய்ச்சலில் இறந்தபிறகு, அவர் விட்டுப்போன மாடுகளை வைத்துத் தயிர் போட்டுத்தான் மகனை வளர்த்தார். மேய்ச்சல் தரையில் பல பேருடைய மாடுகள் ஒன்றாக நிற்கும். அதனால் வீட்டுக்கு வீடு வேறு வேறு குறி. கன்றாக இருக்கும்போது காதில் வெட்டு. வளர்ந்தபிறகு தொடையில் சூடு. கண்ணகை அக்கா வீட்டுக் குறி வலது காதில் இரண்டு வெட்டு. குறி விழுந்த மாடு குறி போட்டவருக்குச் சொந்தம். அதற்குமேல் யாரும் கதைக்க முடியாது. அதனால் குறி இல்லாத பிறத்தியார் கன்றுக்குக் களவாகத் தங்கள் குறியைப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு.

மகன் கட்டாருக்குப் போனபிறகு, அந்த வீட்டில் அவருடைய கதையைக் கேட்க இருந்தது புள்ளி மட்டும்தான். வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் மூன்றும் கலந்த பெட்டைப் பூனை. பால் கொதித்தது, மாடு உதைத்தது, மகன் போன் எடுக்காதது எல்லாம் அதற்குத்தான் சொல்வார்.

கடந்த மாரி வெள்ளத்தில் எங்களை உழவு இயந்திரத்தில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஏற்றும்போதே புள்ளியைக் காணவில்லை. ஐந்தாம் நாள் திரும்பி வந்தோம். வீட்டில் சேறு இருந்தது, பூனை இல்லை. அக்கா அழவில்லை. ஆனால் படியில் உட்காரும்போதெல்லாம் கை தன்பாட்டில் நிலத்தைத் தட்டும். பிறகு அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

நான்கு மாதம் கழித்து, தயிர் ஏற்ற வான் கொண்டு வரும் ஏறாவூர் வியாபாரி சொன்னார்: "அக்கா, எங்கட ஒழுங்கையில பஹீமா ராத்தா வீட்டுல ஒங்கட பூன மாதிரி ஒண்டு நிக்கிது. அந்த மழைக்குள்ள என்ட வானுக்குள்ள ஏறித்தான் வந்திச்சோ தெரியா."

அடுத்த நாளே பூனையைக் கொண்டுவரப் பன்புல்லால் பின்னிய பை ஒன்றை எடுத்துக்கொண்டு அக்கா புறப்பட்டார். துணைக்கு என்னையும் கூட்டிப் போனார்.

பஹீமா வீட்டிலேயே உடுப்புத் தைப்பவர். தையல் மெசினுக்குப் பக்கத்தில் துணிக் குவியல்மேல் படுத்திருந்தது புள்ளி. எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அக்கா வந்த காரியத்தைச் சொன்னார்.

"ஏறாவூர்ல மூணு நிறப் பூனைக்குப் பஞ்சமா அக்கா?" என்றார் பஹீமா. குரலில் கோபம் இல்லை. "இது என்ட பூன எண்டு நானும் சொல்லல்ல. தானா வந்திச்சி, அமானிதமா வெச்சிரிக்கன். அமானிதம் எண்டா இன்னொரு ஆள்ர பொருள், நாம பாத்துக் குடுக்கணும். ஆனா சொந்தக்காரருக்குத்தானே குடுக்கணும்? அடையாளம் சொல்லுங்க."

"வலது பின்காலில, உள்ளங்கால் ஒண்டு மட்டும் கறுப்பு."

பஹீமா பூனையின் காலைத் தூக்கிப் பார்த்தார். கறுப்புத்தான். அவருடைய முகம் வாடியது.

"வேற?"

"வேற என்ன, முழுக்காது. ஒரு கீறல் இல்லாத காது."

பஹீமா சட்டென்று நிமிர்ந்தார். "அப்ப இது ஒங்கட பூன இல்ல. இஞ்ச பாருங்க." பூனையின் இடது காதைத் திருப்பிக் காட்டினார். நுனி நேராக வெட்டப்பட்டிருந்தது.

கண்ணகை அக்காவுக்கு நெற்றி நரம்பு புடைத்தது. "எங்கட பூனைக்குக் குறி போட்டுட்டியளா? மாட்டில செய்யிற களவைப் பூனையிலயும் செய்யிறியளா?"

"அல்லாஹ்! என்ன கத இது? இஞ்ச வரக்குள்ளயே காது இப்பிடித்தான் இருந்திச்சி! பூனைக்கு ஆராச்சும் குறி போடுவாங்களா?"

"போட்டிருக்கே! கத்தியால வெட்டின வெட்டு இது. எத்தின மாட்டுக் கண்டுக்கு வெட்டியிருப்பன், எனக்குத் தெரியாதா?"

உள்ளங்கால் கறுப்பு அக்காவின் பக்கம், காது பஹீமாவின் பக்கம். பூனை இரண்டு பேரையும் பார்த்துக் கொட்டாவி விட்டுத் திரும்பவும் படுத்தது. கத்திக் களைத்த அக்கா பாயில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவுடன் கை நிலத்தை இரண்டு தரம் தட்டியது.

புள்ளி எழும்பி வரும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அது அசையவே இல்லை. பஹீமாதான் வந்தார். தன்னைத்தான் உட்காரச் சொல்கிறார் என்று நினைத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தட்டிய இடத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார்.

"சொல்லுங்க அக்கா," என்றார்.

அக்கா அவரைப் பார்த்தார். கோபத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு கிட்ட இருப்பது கஷ்டம். "உன்னைக் கூப்பிடல்ல தங்கச்சி, பூனையக் கூப்பிட்டன்," என்றார். பஹீமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும் வந்தது, கண்ணீரும் சேர்ந்து வந்தது.

அந்த இடத்தில்தான் நான் வாய் திறந்தேன். பிறத்தியார் வீட்டில் நான் வலியப் பேசியது அதுதான் முதல் தடவை. வரும் வழியில் மீன் சந்தையடியில் இரண்டு பூனைகளைப் பார்த்தேன், கடை வாசலில் ஒரு நாயைப் பார்த்தேன், மூன்றுக்கும் இடது காது இதேபோல வெட்டியிருந்தது என்று சொன்னேன். "குறி எண்டா வீட்டுக்கு வீடு மாறும்தானே அக்கா? இது எல்லாத்துக்கும் ஒரே குறியா இருக்கு. ஏறாவூர்ப் பூனை நாய் எல்லாம் ஒரு ஆளுக்கா சொந்தம்?"

வேலிக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு நபீஸா உடனே குரல் கொடுத்தார்.

"அது டொக்டர்மார்ர வேல புள்ள! வெள்ளத்துக்குப் புறகு வந்து, றோட்டுல திரியிற பூனை நாயெல்லாம் கூட்டுல புடிச்சி, குட்டி போடாம ஒப்பரேஷன் செஞ்சாங்க. செஞ்சத ரெண்டாந்தரம் புடிக்காம இரிக்கக் காத வெட்டி வுட்டாங்க. இது ஒன்ட வூட்டுக்கு வர முந்தி றோட்டுல திரியக்குள்ள புடிச்சிருப்பாங்க. பஹீமா, நீ மெசின வுட்டு எழும்பினாத்தானே ஒலகம் தெரியும்!"

பஹீமா எழும்பிப் பூனையைத் தூக்கினார், அதன் தலையை ஒருமுறை தடவினார், கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்தார்.

"நான் ராணி எண்டு கூப்பிட்டன். சூடு காட்டின மீன் மட்டும்தான் தின்னும்," என்றார்.

"களவெண்டு சொல்லிப்போட்டன். மனசில வெக்காத தங்கச்சி," என்றார் அக்கா. "இத்தின நாள் நீ சோறு போடாட்டி இது எங்க கிடந்திருக்கும்?"

வீட்டுக்கு வரும்வரை புள்ளி இருந்த பன் பையை அக்கா மடியிலிருந்து இறக்கவில்லை. பஸ்ஸில் என்னைப் பார்த்து, "உனக்கு வாய் இருக்கெண்டு இண்டைக்குத்தான்கா தெரியும்," என்றார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பதினான்கு வருடத்துக்கு முன் அவர் தட்டிய தட்டுக்கு என்னால் ஏதோ கொஞ்சம் திருப்பிக் கொடுக்க முடிந்ததே என்று இருந்தது.

புள்ளி இப்போது கண்ணகை அக்கா வீட்டில் இருக்கிறது. ராணி என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ஏறாவூருக்கு ஒரு சட்டித் தயிர் போகிறது. நோன்புப் பெருநாளுக்குப் பஹீமா இங்கே வந்து போனார். அவர் தைத்துத் தந்த சட்டையைத்தான் அக்கா கோயிலுக்குப் போடுகிறார். காதைப் பற்றி யாராவது கேட்டால், அது ஏறாவூர்க் குறி என்கிறார்.